மாமாவுக்குக் கேட்ட மாத்திரை

எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்கு பைபோலார் இருக்கிறது. மனம் ஒரு காலம் ஆழ்ந்த சோர்விலும் இன்னொரு காலம் மிதமிஞ்சிய வேகத்திலும் மாறி மாறிப் போகிற நோய் அது. ஒருவர் என் தாய்மாமா, இன்னொருவர் என் அக்கா. மாமாவுக்கு நோய் வந்தது நான் பிறப்பதற்கு முன்னால். லித்தியம் கொடுத்தார்கள், கேட்டது. இன்றைக்கும் அதே மாத்திரையைப் போட்டுக்கொண்டு உரக்கடை நடத்துகிறார். அக்காவுக்கு எது கேட்கும் என்று கண்டுபிடிப்பதற்குள் சில வருஷங்கள் ஓடிவிட்டன. ஒரே நோய், ஒரே ரத்தம், ஆனால் ஒருவருக்குக் கேட்கிற மருந்து இன்னொருவருக்கு ஏன் கேட்பதில்லை என்கிற கேள்வி அப்போதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் டாக்டர் இல்லை. கும்பகோணம் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். ஊசி குத்துகிறவனுக்கு மூளையைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். லித்தியம் சாப்பிடுகிறவர் இருக்கிற வீட்டில் இது மிகவும் உதவுகிற வேலை.

அக்கா கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும்போது படுத்தவள் எழுந்திருக்கவில்லை. குளிக்க மாட்டாள், பேச மாட்டாள், சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். மனநல மருத்துவரிடம் போனோம். அவர் கேட்ட முதல் சில கேள்விகளில் ஒன்று, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா என்பது. "அப்படி யாரும் இல்லீங்க" என்றார் அம்மா. மாமா சாப்பிடுவதற்கு எங்கள் வீட்டில் பெயர் 'வயித்து மாத்திரை'. எனக்கும் அக்காவுக்கும் அப்படித்தான் தெரியும்.

மனச்சோர்வு என்று எழுதி, அதற்கான மாத்திரை கொடுத்தார்கள். சில வாரங்களில் அக்கா எழுந்துவிட்டாள். வீடே கொண்டாடியது. அப்புறம் அவள் தூங்குவதை நிறுத்திவிட்டாள். விடிய விடியப் பேச்சு, பாட்டு, திட்டம். பொட்டிக் ஆரம்பிக்கப் போகிறேன் என்று தவணையில் தையல் மெஷின்கள் வந்து இறங்கின. பைபோலார் இருக்கிறவருக்குச் சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு இப்படி எதிர்முனைக்குத் தூக்கிக்கொண்டு போகும். சோர்வோடு முதல்முறை வருகிறவரைப் பார்த்து, இது வெறும் சோர்வா, பைபோலாரின் ஒரு முனையா என்று சொல்வது கடினம். குடும்ப வரலாறு அங்கே பெரிய துப்பு. அந்தத் துப்பு மருத்துவருக்குக் கிடைக்கவில்லை.

மருத்துவமனையில் சேர்த்து, சோடியம் வால்ப்ரோயேட்டும் ஓலான்சபினும் கொடுத்தார்கள். வேகம் அடங்கியது. ஆனால் எடை ஏறியது, முடி கொட்டியது, மாதவிலக்கு தாறுமாறானது, சோர்வு மட்டும் அவ்வப்போது திரும்பி வந்துகொண்டே இருந்தது. மருந்து பாதிதான் கேட்டது என்று சொல்லலாம்.

வால்ப்ரோயேட்டின் கதை சுவாரசியமானது. 19ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட அந்த வேதிப்பொருளை வெகுகாலம் வேறு மருந்துகளைக் கரைக்கிற திரவமாகத்தான் பயன்படுத்தினார்கள். 1960களின் தொடக்கத்தில் பிரான்சில் வலிப்புக்குப் புது மருந்து தேடியவர்கள், எந்தப் பொருளை இதில் கரைத்துக் கொடுத்தாலும் வலிப்பு நிற்பதைப் பார்த்தார்கள். வேலை செய்தது கரைந்த பொருள் இல்லை, கரைத்த திரவம். 2001இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் அதே மருந்துக்கு இன்னொரு குணம் இருப்பதைத் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. அது நேரே எபிஜெனெடிக்ஸில் கை வைக்கிற மருந்து.

எபிஜெனெடிக்ஸ் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். உடம்பின் எல்லாச் செல்லிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ (சிவப்பணுவை விட்டுவிடுங்கள், அதற்கு உட்கருவே கிடையாது). ஆனாலும் கல்லீரல் செல் ஒரு வேலை செய்கிறது, மூளைச் செல் வேறு வேலை செய்கிறது. எங்கள் டெல்டாவில் வாய்க்கால் எல்லா வயலையும் ஒட்டித்தான் போகும். எந்த மடையில் பலகை போட்டிருக்கிறது, எதில் தூக்கியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வயல் நனையும் அல்லது காயும். டிஎன்ஏ மேல் ஒட்டுகிற மெத்தில் குறிகள் பெரும்பாலும் பலகை போடுகிறவை. டிஎன்ஏ சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரதத்தின் மேல் ஒட்டுகிற அசெட்டைல் குறிகள் பலகையைத் தூக்குகிறவை. ஜீனின் எழுத்து ஒன்றுகூட மாறாது. எந்த ஜீன் பேச வேண்டும், எது வாயை மூட வேண்டும் என்பதுதான் மாறும். அசெட்டைல் குறிகளைப் பிய்த்தெடுக்கிற நொதி ஒன்று உண்டு. வால்ப்ரோயேட் அதன் கையைக் கட்டுகிறது.

இதைப் படித்தபோது, அப்படியானால் மருந்து அக்காவை அமைதிப்படுத்தியது இதனால்தானோ என்று தோன்றியது. அது இன்னும் நிரூபணமாகவில்லை. அந்த மருந்து செய்கிற வேலைகள் பல, அவற்றில் இது ஒன்று. ஆனால் அதே குணத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. கருவில் வளரும் குழந்தைக்கு எந்த ஜீன் எப்போது திறக்க வேண்டும் என்பது நாள் கணக்கில் துல்லியமாக நடக்க வேண்டிய காரியம். கர்ப்பத்தில் வால்ப்ரோயேட் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குப் பெரிய பிறவிக் குறை வருகிறது. பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சி, கற்றல் சிக்கல்கள் வரலாம் என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் எச்சரித்திருக்கிறார்கள். இந்த நொதித் தடுப்பும் அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அக்காவுக்கு வரன் பார்க்கிற வயது. முதலில் மருந்து எழுதிய இடத்தில் யாரும் எங்களிடம் இதைச் சொல்லவில்லை. இரண்டாவதாகப் போன டாக்டரம்மா சீட்டைப் பார்த்ததும் கேட்டதே, "கல்யாணம் பேசறீங்களா?" என்றுதான். பிள்ளை பெறுகிற வயதில் இருக்கிற பெண்ணுக்கு இந்த மாத்திரை எழுதப்பட்டிருந்தால் மருத்துவரிடம் நீங்களே பேச்சை எடுங்கள். ஆனால் பயந்துபோய் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பி வரலாம்.

இந்தச் சமயத்தில்தான் பெரியம்மா ஒரு வாட்ஸப் செய்தியை அனுப்பினார். தாய் கர்ப்பத்தில் கவலைப்பட்டால் குழந்தையின் ஜீன் மாறிவிடும், அதுதான் மனநோயாக வருகிறது, விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று. அம்மா அக்காவைச் சுமந்தபோதுதான் தாத்தா இறந்தார். அம்மா பல மாதம் அழுதுகொண்டே இருந்ததைப் பார்த்தவர் பெரியம்மா. அவர் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை. ஆனால் அம்மா அந்த வாரமெல்லாம் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் தேடித் தேடிப் படித்தேன். அந்தச் செய்திகளுக்கெல்லாம் மூலம் என்று பார்த்தால் பெரும்பாலும் ஒரு எலி ஆய்வில் போய் நிற்கும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி, மோஷே ஷிஃப் குழு 2004இல் வெளியிட்டது. சில தாய் எலிகள் குட்டிகளை நிறைய நக்கி வளர்க்கும், சில கொஞ்சமாகத்தான். கொஞ்சமாக நக்கப்பட்ட குட்டிகளின் மூளையில், மன அழுத்த ஹார்மோனைக் கட்டுக்குள் வைக்கிற ஒரு ஜீனின் மேல் மெத்தில் குறிகள் அதிகம் இருந்தன. அவை வளர்ந்தபின் சின்ன அதிர்ச்சிக்கும் பதறின. இதுவரை வாட்ஸப்பில் வரும். வராதது மூன்று. ஒன்று, இது பிரசவத்துக்குப் பின்னால் நடந்த வளர்ப்பைப் பற்றியது. அழுத தாய் எலி, சிரித்த தாய் எலி என்று யாரும் பிரிக்கவில்லை. இரண்டு, கொஞ்சமாக நக்குகிற தாய்க்குப் பிறந்த குட்டியை நிறைய நக்குகிற தாயிடம் விட்டால் அது சாதாரணமாக வளர்ந்தது. மூன்றாவதுதான் முக்கியம். வளர்ந்துவிட்ட எலியின் மூளையில், வால்ப்ரோயேட் தடுக்கிற அதே வகை நொதியைத் தடுக்கும் ஒரு பொருளைச் செலுத்தினார்கள். குறிகள் மாறின, பதற்றமும் குறைந்தது. பலகையைப் பெரியவனான பிறகும் தூக்க முடியும் என்பதுதான் அந்த ஆய்வின் செய்தி. அதை விட்டுவிட்டு, தாயால் கெட்டது என்கிற பாதியை மட்டும் ஊரெல்லாம் சுற்றவிட்டிருக்கிறார்கள்.

மனிதர்களிடம் இல்லையா என்றால், இருக்கிறது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் உணவு வழியை அடைத்ததால் நெதர்லாந்தில் வந்த பஞ்சத்தில் கருவான குழந்தைகளிடம், 60 வருஷம் கழித்தும் ஒரு ஜீனில் மெத்தில் குறி சற்றுக் குறைவாக இருப்பதை 2008இல் கண்டார்கள். அந்தத் தலைமுறையில் மனச்சிதைவு நோயும் கூடுதலாக இருந்தது. ஆனால் அது ஊர் ஊராகப் பட்டினி கிடந்த காலம். அப்பாவை இழந்த ஒரு பெண் அழுததற்கும் அதற்கும் முடிச்சுப் போடுவது அபத்தம். நான் சொன்னால் அம்மா கேட்கவில்லை. டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். "அம்மா, இது நீங்க அழுததால வந்த நோய் இல்ல. உங்க தம்பிக்கும் வந்திருக்கு இல்லையா, அவருக்கு யார் அழுதாங்க?" என்றார் அவர்.

மாமா விஷயம் டாக்டரம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அதைச் சொன்னது அத்தை, மாமாவின் மனைவி. ஒருநாள் எங்கள் வீட்டு அடுக்களையில் அம்மாவிடம், "அண்ணி, அவருக்குக் குடுக்குற மாத்திரையையே இவளுக்கும் குடுத்துப் பாக்கச் சொல்லுங்களேன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். நானும் அக்காவும் கூடத்தில் இருந்தோம். 'வயித்து மாத்திரை' அன்றோடு முடிந்தது.

டாக்டரம்மா இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு அப்போது காரணம் புரியவில்லை. லித்தியம் பைபோலாரில் மூன்றில் ஒரு பங்கு பேருக்குத்தான் மிக நன்றாகக் கேட்கும். யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டியே சொல்லக் கிடைக்கிற அடையாளங்கள் கொஞ்சம்தான். நோய் வந்து போகும் இடைவெளியில் ஆள் தெளிவாக இருப்பது ஒன்று. ரத்த உறவில் யாருக்காவது லித்தியம் கேட்டிருப்பது இன்னொன்று. கனடாவில் பால் குரோஃப், மார்ட்டின் ஆல்டா ஆகியோர் 2002இல் காட்டியது இதைத்தான். லித்தியம் கேட்டவர்களின் பைபோலார் உறவினர்களுக்கு அது கேட்கிற வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு.

இது எபிஜெனெடிக்ஸா, ஜீனேதானா? இதற்கு ஓரளவு விடை சொல்கிற ஆய்வு ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில் நோயாளிகளின் தோல் செல்களை எடுத்து, அவற்றைப் பின்னோக்கி ஓட்டி, எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய தண்டு செல்லாக்கி (ஸ்டெம் செல்), பிறகு தட்டிலேயே நரம்பு செல்களாக வளர்த்தார்கள். 2015இல் முடிவு வந்தது. பைபோலார் உள்ளவர்களின் நரம்பு செல்கள் அளவுக்கு மீறித் துடித்தன. லித்தியம் விட்டபோது, யாருக்கு நிஜ வாழ்க்கையில் லித்தியம் கேட்டதோ அவர்களின் செல்கள்தான் அடங்கின. தோல் செல்லைத் தண்டு செல்லாக மாற்றும்போது வாழ்க்கை போட்டுவைத்த எபிஜெனெடிக் குறிகள் பெரும்பாலும் துடைக்கப்பட்டுவிடும். அப்படித் துடைத்த பிறகும் வித்தியாசம் நிற்கிறது என்றால், லித்தியம் விஷயத்தில் பெரும்பங்கு ஜீனின் எழுத்திலேயே இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பெங்களூரு நிம்ஹான்ஸிலும், ஒரே குடும்பத்தில் பலருக்கு மனநோய் இருக்கும் வீடுகளை வைத்து இந்த வழியில் ஆய்வு நடக்கிறது.

மாமாவின் பழைய சீட்டுகள் வேண்டும் என்றார் டாக்டரம்மா. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நோயாளி தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கலாம், அது உரிமை. ஆனால் மாமா சிகிச்சை எடுத்த காலத்துக் காகிதம் அங்கே மிச்சமில்லை. நல்லவேளையாக மாமா தன் சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டி, கடைக் கல்லாப்பெட்டிக்கு அடியில் வைத்திருந்தார். எந்த மாத்திரை, எவ்வளவு, ரத்தத்தில் எவ்வளவு இருந்தது, எல்லாம் அதில் இருந்தது. இத்தனை வருஷம் யாருக்கும் காட்டாத பையை அவர் தானே கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

இதற்கு நடுவில் ஒரு கம்பெனி ஆள் எங்கள் கூடத்துக்கு வர ஆரம்பித்திருந்தார். "கன்னத்துல ஒரு ஸ்வாப் போதும் சார், எந்த சைக்கியாட்ரி மாத்திரை செட் ஆகும்னு ரிப்போர்ட் வந்துடும்." கட்டணம் அக்காவின் பல மாத மருந்துச் செலவு. வாங்கலாமா என்று வீட்டில் பேச்சு வந்ததால் உட்கார்ந்து பார்த்தேன். அவர்கள் பார்ப்பது பெரும்பாலும் கல்லீரல் நொதிகளின் ஜீன்கள். மருந்தை உடம்பு வேகமாகக் கரைக்குமா, மெதுவாகக் கரைக்குமா என்பதுதான் அதில் தெரியும். சில சோர்வு மாத்திரைகளுக்கு அது உண்மையிலேயே பயன்படும். ஆனால் லித்தியத்தைக் கல்லீரல் தொடுவதே இல்லை, அப்படியே சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. லித்தியம் கேட்குமா என்று அந்த ரிப்போர்ட்டால் சொல்லவே முடியாது. இதைக் கேட்டதும் அவர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்.

எபிஜெனெடிக் சோதனை என்று விற்றால் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆய்வுகளில் நம்பிக்கை தரும் விஷயங்கள் இருக்கின்றன. 2014இல் ஜெர்மனியில் ஒரு குழு, மூளை நரம்புகளை வளர்க்கிற பிடிஎன்எஃப் என்ற ஜீனின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மெத்தில் குறி இல்லாதவர்களுக்குச் சோர்வு மாத்திரை கேட்கும் வாய்ப்பு குறைவாக இருந்ததைக் கண்டது. ஆனால் எந்த மருத்துவரும் அதை வைத்து மாத்திரை எழுதுகிற நிலை இன்னும் வரவில்லை. காரணம் எங்கள் தொழில்காரனுக்குச் சட்டென்று புரியும். நாம் எடுப்பது கையின் ரத்தம், நோய் இருப்பது மூளையில். மெத்தில் குறி செல்லுக்குச் செல் வேறுபடும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்து, வெள்ளையணுக்களில் நியூட்ரோபில் என்ற வகை ஏறி லிம்போசைட் என்ற வகை இறங்கினாலே ரத்தத்தின் மொத்த மெத்தில் கணக்கு மாறிவிடும். சிகரெட் பிடித்தால் சில இடங்களில் பளிச்சென்று மாறும். இதில் மனசின் கணக்கை மட்டும் தனியே பிரித்தெடுப்பது லேசான வேலை இல்லை.

ஜீன் சோதனையே வீண் என்று சொல்ல வரவில்லை. கார்பமசெப்பின் என்ற மாத்திரை, எச்எல்ஏ-பி 1502 என்ற வகை ஜீன் உள்ளவர்களுக்குத் தோலே உரிந்துபோகிற ஆபத்தான ஒவ்வாமையைக் கொண்டுவரலாம். அது ஆசியர்களிடம் அதிகம். அந்த மாத்திரை தொடங்கும் முன் இந்தச் சோதனை பற்றி மருத்துவரிடம் கேட்பது காசுக்கு மதிப்பான கேள்வி.

அக்காவுக்கு லித்தியம் ஆரம்பித்தார்கள். மறுநாளே விடிந்துவிடவில்லை. பாதி மருந்துகள் கைவிடப்படுவது இந்தக் கட்டத்தில்தான் என்று நினைக்கிறேன். மனநல மருந்துகள் ஏன் வாரக்கணக்கில் எடுக்கின்றன என்பதற்கு எபிஜெனெடிக்ஸ் ஒரு நல்ல விளக்கம் தருகிறது. 2006இல் அமெரிக்காவில் எரிக் நெஸ்லர் குழு சுண்டெலிகளைத் தொடர்ந்து முரட்டு எலிகளிடம் தோற்கவைத்தது. சோர்ந்துபோன எலிகளின் மூளையில் அதே பிடிஎன்எஃப் ஜீனின் மேல் அடைப்புக் குறிகள் ஏறின, வெகுநாள் நின்றன. இமிப்ரமின் என்ற பழைய சோர்வு மருந்தை வாரக்கணக்கில் கொடுத்த பிறகு ஜீன் திரும்பப் பேசியது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், மருந்து அந்த அடைப்புக் குறிகளைத் துடைக்கவில்லை. அவை அப்படியே இருக்க, பக்கத்தில் திறப்புக் குறிகளை ஏற்றித்தான் ஜீனைப் பேசவைத்தது. எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் "நல்லாத்தானே இருக்கா, மாத்திரை எதுக்கு?" என்று உறவினர் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த எலிகள்தான் ஞாபகம் வரும்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்டது. லித்தியத்தில் குணமாக்கும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. நோய் திரும்பாமல் இருக்கப் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் பார்ப்பார்கள், சிலருக்கு 1.0 வரை. 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. ரத்தம் கொடுக்க வேண்டியது கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து. இரவு 8 மணிக்குப் போட்டால் காலை 8 மணிக்கு, காலை மாத்திரைக்கு முன்னால். மாத்திரையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் அளவு பொய்யாக ஏறித் தெரியும். அளவைக் கூட்டிய மறுநாளே பார்ப்பதிலும் பயனில்லை, ஒரு வாரம் போக வேண்டும்.

ரத்தம் எந்தக் குழாயில் எடுக்கப்படுகிறது என்பதையும் பாருங்கள். பச்சை மூடிக் குழாய்களில் சிலவற்றில் ரத்தம் உறையாமல் இருக்க லித்தியம் ஹெப்பாரின் தடவியிருப்பார்கள். அதில் எடுத்தால் குழாயில் இருக்கிற லித்தியமும் கணக்கில் சேர்ந்துவிடும்! அக்கா வெளியூர் போனபோது ஓர் ஆய்வகத்தில் அளவு 1.9 என்று வந்து, உடனே ஐசியூவில் சேரச் சொல்லிவிட்டார்கள். அவளோ கை நடுக்கம்கூட இல்லாமல் போனில் என்னோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். என்ன நிற மூடி என்று கேட்டேன். பச்சை. சிவப்பு மூடிக் குழாயில் மறுபடி எடுத்தபோது 0.7. ஆனால் ஆளைப் பார்க்காமல் காகிதத்தை மட்டும் பார்த்து இப்படி முடிவு செய்யாதீர்கள். கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, பேதி, தள்ளாட்டம், நாக்கு குழறுவது இருந்தால் குழாய் ஆராய்ச்சி வேண்டாம், அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்தது உப்பு. எங்கள் ஊர்ப்பக்கம் இது பெரிய விஷயம். திருநாகேஸ்வரத்து ஒப்பிலியப்பனுக்கு உப்பில்லாமல்தான் நைவேத்தியம். அவருக்கு வேண்டிக்கொண்டு உப்பை விடுகிறவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. அக்காவுக்குக் குணமானால் தானும் அவளும் ஒரு மாதம் உப்பு சேர்க்க மாட்டோம் என்று அம்மா வேண்டியிருந்தார். உடம்பில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தை இழுத்துப் பிடிக்கும், கூடவே லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். இதை உலகம் கற்றுக்கொண்டது கொடுமையான வழியில். 1940களின் கடைசியில் அமெரிக்காவில் உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடை விற்றார்கள். வாங்கியவர்கள் உப்பு தவிர்க்கச் சொல்லப்பட்ட இதய நோயாளிகள். பலர் நஞ்சேறி விழுந்தார்கள், சிலர் இறந்தார்கள், 1949இல் கடைகளிலிருந்து எடுத்தார்கள். அதே 1949இல்தான் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட், லித்தியம் பித்து நிலையை, அதாவது பைபோலாரின் அந்த மிதமிஞ்சிய வேகத்தை, அடக்குகிறது என்று எழுதினார். பாவம், அந்தப் பெயர்க் கெடுதலில் மருந்து அமெரிக்காவில் அங்கீகாரம் பெற 1970 ஆனது. வேண்டுதலை அம்மா மட்டும் நிறைவேற்றினார். அக்கா கோயிலுக்கு நடந்து போய்விட்டு வந்தாள், தண்ணீர் பாட்டிலோடு.

வெயிலில் அலைச்சல், வயிற்றுப்போக்கு, பட்டினி விரதம் எல்லாவற்றிலும் இதே ஆபத்து இருக்கிறது. மூட்டு வலிக்கும் பல் வலிக்கும் மெடிக்கலில் சும்மா வாங்கிப் போடுகிற டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகைகள் லித்தியத்தை ஏற்றும். சில ரத்த அழுத்த மாத்திரைகளும் அப்படித்தான். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரியாட்டினின், தைராய்டு, கால்சியம் பார்க்க வேண்டும். தைராய்டு குறைந்தாலே ஆள் சோர்ந்துவிடுவார், அதைப் பார்த்து லித்தியம் கேட்கவில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

வீட்டில் ஒரு நோட்டு போட்டோம். எத்தனை மணிக்குத் தூங்கினாள், எத்தனை மணிக்கு எழுந்தாள், மனசு எப்படி, மாதவிலக்கு, காய்ச்சல், வேறு ஏதாவது மாத்திரை. அக்காவே எழுதுவாள். சில மாதத்தில் எங்களுக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்கு வேகம் ஏறுவதற்கு முன்னால் தூக்கம் முதலில் குறைகிறது, களைப்பு மட்டும் இருப்பதில்லை. பேச்சோ செலவோ ஏறுவது அதற்கப்புறம்தான். ஒரு ஐப்பசி மழையில் அப்படி ஆரம்பித்தபோது நோட்டைப் பார்த்து உடனே டாக்டரம்மாவைப் பார்த்தோம், அளவைச் சரிசெய்ததோடு போயிற்று. ராத்திரியில் யாரைக் கேட்பது என்று தெரியாத வீடுகளுக்கு, 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். நன்றாக இருக்கும்போதே அக்கா இன்னொன்றும் செய்தாள். 2017 சட்டத்தில் முன்கூட்டிய அறிவுறுத்தல் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. தனக்கு மறுபடி முடியாமல் போனால் எப்படிச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், யார் தன் சார்பில் பேச வேண்டும் என்று எழுதி வைக்கலாம். என் பெயரைப் போட்டாள். தையல் மெஷின் தவணையில் வாங்க விடக்கூடாது என்றும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

பேச்சு சிகிச்சையை எங்கள் வீட்டில் முதலில் யாரும் மதிக்கவில்லை, பேசினால் எப்படி நோய் போகும் என்றார்கள். அமெரிக்காவில் ரேச்சல் யெஹூடா 2013இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு இருக்கிறது. போர் அதிர்ச்சியில் இருந்த பழைய சிப்பாய்களுக்குப் பேச்சு சிகிச்சை கொடுத்தார்கள். குணமானவர்களிடம், மன அழுத்தத்தோடு தொடர்புள்ள ஒரு ஜீனின் மெத்தில் அளவு சிகிச்சைக்குப் பின் மாறியிருந்தது. மொத்தம் 16 பேர்தான், பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் பேச்சு என்பது உடம்புக்கு வெளியே நடக்கிற காரியம் என்று நினைப்பவர்களிடம் சொல்ல எனக்கு அது உதவியது.

அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. அத்தானிடம் எல்லாவற்றையும் முன்பே சொல்லித்தான். கர்ப்பத்தைத் திட்டமிட்டு, வால்ப்ரோயேட் எப்போதோ போயிருந்ததால், லித்தியத்தைக் குறைந்த அளவில் தொடர்ந்தார்கள். குழந்தையின் இதயத்துக்கு அதிலும் சிறு ஆபத்து உண்டு என்பதால் கருவின் இதயத்தை ஸ்கேன் செய்தார்கள். கர்ப்பத்தில் சிறுநீரகம் லித்தியத்தை வேகமாக வெளியேற்றும், அதனால் அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். அந்த வேலையை நானே செய்தேன். பைபோலார் உள்ள பெண்களுக்குப் பிரசவம் முடிந்த முதல் சில வாரங்கள்தான் மிகப் பெரிய ஆபத்துக் காலம், தூக்கம் கெடுவது அதில் ஒரு காரணம். லித்தியம் தாய்ப்பாலில் போகும் என்பதால் டாக்டரம்மாவோடு பேசி புட்டிப்பால் என்று முடிவானது. அத்தானும் அம்மாவும் ராத்திரியைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். தெருவில் என்னென்னவோ பேசினார்கள். அக்கா தூங்கினாள்.

மகனைப் பார்த்து, இவனுக்கும் வருமா என்று அக்கா கேட்டாள். பெற்றோரில் ஒருவருக்கு பைபோலார் இருந்தால் பிள்ளைக்கு வருகிற வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று, அதாவது பத்தில் ஒன்பது பேருக்கு வருவதில்லை என்றார் டாக்டரம்மா. வந்தால்? அப்போது அவனைப் பார்க்கிற மருத்துவர் கேட்கப்போகும் முதல் கேள்விக்கு இந்தமுறை பதில் இருக்கிறது. மாமாவின் சீட்டுகளையும் அக்காவின் நோட்டையும் வைத்து ஒரே தாளில் பட்டியல் போட்டிருக்கிறோம். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எவ்வளவு காலம், என்ன ஆயிற்று, ஏன் நிறுத்தினோம். தடுப்பூசி அட்டை இருக்கிற கோப்பிலேயே அதுவும் இருக்கிறது.